எழுத்துருவில் அந்த எழுத்து இருக்கிறதா? நிரல் எழுதிச் சரிபார்க்க முழுமையான வழிகாட்டி

ரசீது, சான்றிதழ், பயணச்சீட்டு என்று நிரலே உருவாக்கும் ஆவணங்களில் பெயர் வரவேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக வந்து நிற்பதுண்டு. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: அச்சுக்கு அனுப்புமுன் அந்த எழுத்து எழுத்துருவில் உண்டா என்று யாரும் பார்க்கவில்லை. பார்ப்பதற்குப் பத்துப் பதினைந்து வரி நிரல் போதும். ஆனால் அதைத் தவறான கோப்பில் ஓட்டினாலோ, படிகளை முன்பின் மாற்றினாலோ 'உண்டு' என்ற பதில் வரும். அச்சில் கட்டமும் வரும்.

இந்த வழிகாட்டி பைத்தானை வைத்து, தமிழ் உரையை எடுத்துக்காட்டாகக் கொண்டு நடக்கிறது. குறியெண் என்பது ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் யூனிகோட் தந்திருக்கும் எண். குறியெண்களை எல்லாம் பதின்மத்தில் தந்திருக்கிறேன். பைத்தானின் 'ஆர்ட்' சார்பு தருவதும் அதே எண்தான் என்பதால் ஒப்பிட்டுப் பார்க்க எளிது.

தொடங்குமுன் வேண்டியவை

ஃபான்ட்டூல்ஸ், யூஹார்ஃப்பஸ் என்ற இரண்டு பைத்தான் தொகுப்புகளையும் 'பிப்' கொண்டு நிறுவுங்கள். முதலாவது எழுத்துருக் கோப்பைத் திறந்து அதன் அட்டவணைகளைப் படிக்கும். இரண்டாவது, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு, லிப்ரெஆஃபிஸ் ஆகியவை எழுத்துகளைக் கோக்கப் பயன்படுத்தும் ஹார்ஃப்பஸ் எந்திரத்தை பைத்தானுக்குள் கொண்டுவரும்.

வலைத்தளங்களுக்காகச் சுருக்கப்பட்ட வோஃப்2 எழுத்துருக் கோப்புகளையும் பார்க்க வேண்டுமென்றால் ப்ராட்லி தொகுப்பும் வேண்டும். அது இல்லாவிட்டால் கோப்பைத் திறக்கும்போதே பிழை வரும். புதியவர்கள் பலர் கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி பதிவிறக்குவது இந்த இடத்தில்தான்.

சோதனைக்கான உரையையும் இப்போதே எடுத்து வையுங்கள். 'அஆஇஈ' என்று கையால் அடித்த மாதிரி உதவாது. உண்மையில் அச்சாகப் போகும் பெயர்கள், முகவரிகள், தொகைகள் இருக்கும் தரவிலிருந்தே எடுங்கள். சிக்கல் தரும் எழுத்துகள் அங்கேதான் இருக்கும்.

1. எந்தக் கோப்பு என்பதை உறுதிசெய்யுங்கள்

எழுத்துருவின் பெயரை வைத்துச் சோதிக்காதீர்கள். கோப்பின் பாதையை வைத்துச் சோதியுங்கள். பெயரைச் சொல்லிக் கேட்டால், அந்தப் பெயரில் எதுவும் கிடைக்காதபோது இயங்குதளம் வேறொன்றைச் சத்தமில்லாமல் எடுத்துக் கொடுத்துவிடும். வேர்டிலோ உலாவியிலோ திறந்து கண்ணால் பார்ப்பதும் இதனாலேயே சான்றாகாது. எழுத்துருவில் இல்லாத எழுத்தை அவை வேறு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கிக் காட்டும். பிடிஎஃப் உருவாக்கும் சர்வரில் கடன் வாங்கப் பெரும்பாலும் எதுவும் இருக்காது.

ஒரே குடும்பத்தில் வழக்கமான தடிமனுக்கும் தடித்ததற்கும் வெவ்வேறு கோப்புகள் இருக்கலாம். இரண்டின் எழுத்துத் தொகுதியும் ஒன்றாகவே இருக்கும் என்று உறுதி கிடையாது. ஆவணத்தில் பயன்படும் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

டிடிசி கோப்பு என்றால் அதற்குள் பல எழுத்துருக்கள் அடுக்கப்பட்டிருக்கும். ஃபான்ட்டூல்ஸின் 'டிடிஃபான்ட்' வகுப்புக்கு எத்தனையாவது எழுத்துரு வேண்டும் என்ற எண்ணையும் தரவேண்டும். எண்ணிக்கை 0-இலிருந்து தொடங்கும். தராவிட்டால் எண்ணைக் கேட்டுப் பிழை வரும்.

வலைத்தளத்துக்கான எழுத்துருவில் இன்னொரு பொறி உண்டு. கூகுள் ஃபான்ட்ஸ் ஒரு தமிழ் எழுத்துருவைத் துண்டு துண்டாகப் பிரித்தே உலாவிக்கு அனுப்புகிறது: தமிழ்ப் பகுதி ஒரு கோப்பு, லத்தீன் பகுதி இன்னொன்று. அந்தத் தமிழ்த் துண்டை மட்டும் எடுத்துப் பிடிஎஃபுக்குக் கொடுத்தால், பெயர் சரியாக வரும். தொலைபேசி எண்ணும் தேதியும் வராது. 0 முதல் 9 வரையிலான எண்கள் லத்தீன் துண்டில்தான் இருக்கின்றன. முழு டிடிஎஃப் கோப்பையே பதிவிறக்கிப் பயன்படுத்துங்கள்.

2. எழுத்தைக் குறியெண்களாக உடையுங்கள்

நாம் ஓரெழுத்து என்று எண்ணுவது கணினிக்குப் பல குறியெண்களாக இருக்கலாம். 'ஸ்ரீ' என்பதை உடைத்தால் 3000, 3021, 2992, 3008 என்று நான்கு வரும். ஸகரத்துக்குப் பதில் ஶகரம் வைத்து எழுதியிருந்தால் முதல் எண் 2998. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியலாம். 'க்ஷ'வுக்கும் தனிக் குறியெண் கிடையாது: 2965, 3021, 2999.

'கொ' இரண்டு வகையில் வரும். 2965, 3018 என்று இரண்டாகவோ, 2965, 3014, 3006 என்று ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவோ இருக்கலாம். இரண்டும் யூனிகோட் விதிப்படி சமம். ஆகவே சோதனைக்கு முன் உரையை என்எஃப்சி முறையில் இயல்பாக்குங்கள். பைத்தானின் 'யூனிகோட்டேட்டா' கூறில் அதற்கான சார்பு இருக்கிறது. இயல்பாக்கினால் இரண்டும் 2965, 3018 ஆகிவிடும். செய்யாவிட்டால் ஒரே பெயர் ஒரு முறை தேறி, இன்னொரு முறை தவறும்.

இயல்பாக்கம் தொடாத ஒன்றும் உண்டு. 'மௌ' என்பதன் ஔகாரக் குறி 3020. பலர் அதை ஒற்றைக்கொம்பும் ளகர எழுத்துமாக 3014, 2995 என்று அடித்துவைத்திருப்பார்கள். இது எழுத்துப்பிழை, எழுத்துருச் சோதனையில் சிக்காது. ஒற்றைக்கொம்பையடுத்து ளகரம் வரும் இடங்களைத் தனியே பட்டியலிட்டுக் கண்ணால் பாருங்கள். தானாக மாற்றிவிடாதீர்கள்: 'கெள' என்பது 'கௌ'வாக இருக்கலாம், 'கெளுத்தி' போன்ற சொல்லின் தொடக்கமாகவும் இருக்கலாம்.

ஜாவாஸ்கிரிப்டிலும் ஜாவாவிலும் எழுதுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றின் எழுத்து அலகு 16 பிட். 65535-க்கு மேற்பட்ட குறியெண் அங்கே இரண்டு அலகாக உடைந்துவிடும். 128512 என்ற சிரிப்பு முகம் 55357, 56832 என்று இரண்டாக வரும். அந்த இரண்டையும் எந்த எழுத்துருவில் தேடினாலும் கிடைக்காது. ஜாவாஸ்கிரிப்டின் 'சார்கோட்அட்', ஜாவாவின் 'சார்அட்' வேண்டாம், இரண்டிலும் 'கோட்பாயின்ட்அட்' பயன்படுத்துங்கள்.

3. சிமேப் அட்டவணையில் தேடுங்கள்

எந்தக் குறியெண்ணுக்கு எந்த வடிவம் என்ற பட்டியல் எழுத்துருக் கோப்பின் 'சிமேப்' அட்டவணையில் இருக்கிறது. சோதனையின் நடு அச்சு இதுதான். 'டிடிஃபான்ட்' கொண்டு கோப்பைத் திறந்து, அதன் 'கெட்பெஸ்ட்சிமேப்' செயற்கூறை அழையுங்கள். குறியெண்ணைச் சாவியாகவும் வடிவத்தின் பெயரைப் பயனாகவும் கொண்ட ஓர் அகராதி கிடைக்கும். உரையின் குறியெண்களைத் தொகுதியாக்கி, அகராதியில் இல்லாதவற்றைக் கழித்தெடுத்தால் முதல் பட்டியல் தயார்.

அட்டவணையை நீங்களே தேர்ந்தெடுக்காமல் இந்தச் செயற்கூறையே பயன்படுத்தச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிமேப்புக்குள் பல உட்பட்டியல்கள் இருக்கும். நான்காம் அமைப்பில் (ஃபார்மட்) உள்ள பட்டியல் 65535 வரைதான் பேசும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பன்னிரண்டாம் அமைப்பு வேண்டும். முதலில் கண்ணில் பட்ட பட்டியலை எடுத்தால், 2019-இல் யூனிகோட் 12-இல் சேர்ந்த தமிழ்க் கூடுதல் தொகுதி, அதாவது 73664 முதல் 73727 வரை உள்ள பின்னக் குறிகளும் பழைய அளவைக் குறிகளும், எழுத்துருவில் இருந்தாலும் இல்லை என்றே பதில் வரும். 'கெட்பெஸ்ட்சிமேப்' விரிவான பட்டியலை முதலில் தேடும்.

அகராதிக்குப் பதில் வெறுமை வந்தால், கோப்பில் யூனிகோட் பட்டியலே இல்லை என்று பொருள். குறியீட்டு எழுத்துருக்களும் சில பழைய தமிழ் எழுத்துருக்களும் இப்படி இருக்கும். இந்த வெறுமையைச் சோதிக்காமல் விட்டால் அடுத்த வரியிலேயே நிரல் விழும்.

கிடைத்த வடிவத்தின் பெயர் 'நாட்டெஃப்' என்றிருந்தால் அதை 'இல்லை' என்றே கொள்ளுங்கள். வடிவ எண் 0, அதாவது கட்டம், அதுதான்.

எழுத்துருக் கோப்பின் 'ஓஎஸ்/2' என்ற அட்டவணையில் 'தமிழ் உண்டு' என்று சொல்லும் 20ஆம் பிட் ஒன்று இருக்கிறது. அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். எழுத்துருவைச் செய்தவர் கையால் வைக்கும் அடையாளம் அது. ஒரு குறிப்பிட்ட எழுத்து இருக்கிறதா என்று அது சொல்லாது.

தமிழ்த் தொகுதி முழுதும் இருக்க வேண்டும் என்று 2944 முதல் 3071 வரை சுழற்சி ஓட்டுவதும் தவறு. அந்த 128 இடங்களில் எழுத்து ஒதுக்கப்பட்டவை 72 மட்டுமே, மீதி காலி. இன்றைய உரைக்குக் கட்டாயம் வேண்டியவை இன்னும் குறைவு: உயிர் 12, ஆய்தம் 1, மெய்க்குரிய அகரமேறிய எழுத்து 18, ஜ ஷ ஸ ஹ 4, உயிர்மெய்க் குறிகள் 11, புள்ளி 1. ஆக 47. இவற்றோடு 2998-ஐயும் (ஶ) 3031-ஐயும் (ஔகாரக் குறியின் பின்பகுதி) சேர்த்து 49 என்று வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. 2946 என்ற அனுஸ்வாரக் குறி தமிழில் புழங்குவதில்லை. அது இல்லை என்பதற்காக எழுத்துருவை ஒதுக்க வேண்டாம்.

4. 'இல்லை' என்று வந்தவற்றைச் சலித்தெடுங்கள்

முதல் பட்டியலை அப்படியே பிழையாக அறிவித்தால் பொய் எச்சரிக்கைகள் குவியும். ஒரு வாரத்தில் யாரும் அதைப் படிக்க மாட்டார்கள்.

கண்ணுக்குத் தெரியாத குறிகளை நீக்குங்கள்: வரிமுறிவு, தாவல், 8203 முதல் 8205 வரையுள்ள சுழிய அகலக் குறிகள், 65039 என்ற வடிவத் தேர்வுக் குறி. வரிமுறிவையும் தாவலையும் எழுத்துகளைக் கோக்கும் எந்திரத்துக்கு அனுப்பவே வேண்டாம். மற்றவற்றுக்கு எழுத்துருவில் வடிவம் இல்லாவிட்டாலும் நல்ல எந்திரம் ஒன்றும் வரையாமல் கடந்துவிடும். ஆனால் எந்திரம் இல்லாமல் சிமேப்பை மட்டும் பார்த்து வரையும் எளிய பிடிஎஃப் கருவியில் 8203 கூடக் கட்டமாக வரும். அப்படிப்பட்ட கருவி என்றால் உரையிலிருந்தே இவற்றைக் களைந்துவிடுங்கள்.

3018, 3019, 3020 ஆகிய இணைக்குறிகள் இல்லை என்று வந்தால், அவற்றின் பகுதிகளைத் தேடுங்கள். 3018-க்கு 3014-உம் 3006-உம், 3019-க்கு 3015-உம் 3006-உம், 3020-க்கு 3014-உம் 3031-உம். பகுதிகள் இருந்தால் ஹார்ஃப்பஸ் தானே பிரித்து வரைந்துவிடும்.

சலித்தபின் பட்டியலில் எஞ்சுபவை பெரும்பாலும் தமிழ் எழுத்தாகவே இருக்காது. ரூபாய்க் குறியான 8377 யூனிகோடில் சேர்ந்தது 2010-இல்தான். அதற்கு முன் செய்து, பின் புதுப்பிக்கப்படாத எழுத்துருவில் அது இருக்க வழியில்லை. தமிழ் ரூபாய்க் குறி 3065 வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வேர்ட் தானாக வளைத்துவிடும் மேற்கோள் குறிகள் 8216, 8217, 8220, 8221, சிறுகோடு 8211, முப்புள்ளி 8230 ஆகியவையும் இங்கே அடிக்கடி வரும்.

5. 'உண்டு' என்று வந்தவற்றையும் ஐயுறுங்கள்

சிமேப்பில் பெயர் இருந்தும் வடிவம் காலியாக இருக்கலாம். அடோபி பிளாங்க் என்றே ஓர் எழுத்துரு உண்டு: எல்லாக் குறியெண்ணுக்கும் 'உண்டு' என்று சொல்லி, எதையும் வரையாதது. அரைகுறையாகச் செய்த எழுத்துருக்களிலும் சில இடங்கள் இப்படிக் காலியாகக் கிடக்கும்.

சோதிக்க, ஃபான்ட்டூல்ஸின் 'பவுண்ட்ஸ்பென்' கொண்டு அந்த வடிவத்தை வரையச் சொல்லுங்கள். எல்லை அளவுகள் வெறுமையாக வந்தால் கோடுகளே இல்லை. டிடிஎஃப், ஓடிஎஃப் இரண்டுக்கும் இந்த ஒரே வழி போதும். 32, 160 போன்ற இடைவெளிகள் இயல்பாகவே காலி என்பதால் அவற்றை விட்டுவிடுங்கள். வண்ண எமோஜி எழுத்துருக்களில் படம் வேறு அட்டவணையில் இருக்கும். அங்கே இந்தச் சோதனை செல்லாது.

அடுத்தது பழைய குறியாக்க எழுத்துருக்கள். பாமினியில் ஆங்கில ஜே, கே, பி, ஓ ஆகிய சிறிய எழுத்துகளையும் அரைப்புள்ளியையும் வரிசையாக அடித்தால் 'தமிழ்' என்று தெரியும். கோப்புக்குள் இருப்பவை 106, 107, 112, 111, 59. உங்கள் சோதனை 'ஜே உண்டு' என்று உண்மையைத்தான் சொல்லும், வரைவது தகரத்தை. தமிழ் எழுத்துரு என்று கொடுக்கப்பட்ட கோப்பில் 2965 இல்லாமல் 65 முதல் 122 வரை நிறைந்திருந்தால் இந்த வகையோ என்று பாருங்கள். இதற்குத் தீர்வு வேறு எழுத்துரு அல்லது உரைமாற்றம்.

6. கூட்டெழுத்துகளை ஹார்ஃப்பஸ்ஸில் ஓட்டிப் பாருங்கள்

பெரும்பாலான வழிகாட்டிகள் சிமேப்போடு நிறுத்திவிடுகின்றன. லத்தீன் எழுத்துக்கு அது போதும். தமிழில் க இருக்கிறது, உகரக் குறி இருக்கிறது என்பதால் 'கு' இருக்கிறது என்று சொல்ல முடியாது. 'கு'வின் வடிவம் எழுத்துருவுக்குள் குறியெண் இல்லாத தனி வடிவமாக இருக்கும். இரண்டும் சேர்ந்தால் அதை எடு என்ற விதி 'ஜிசப்' அட்டவணையில் இருக்கும். சிமேப்பின் கண்ணுக்கு இது படாது.

செய்முறை: கோப்பிலிருந்து 'ப்ளாப்', அதிலிருந்து 'ஃபேஸ்', அதிலிருந்து 'ஃபான்ட்' என்று வரிசையாக உருவாக்குங்கள். ஒரு 'பஃபர்' எடுத்து அதில் உரையைச் சேருங்கள். எழுத்துமுறை தமிழ், மொழி தமிழ், திசை இடமிருந்து வலம் என்று மூன்றையும் நீங்களே குறிப்பிடுங்கள். பிறகு 'ஷேப்' சார்பை அழைத்தால், வரையப் போகும் வடிவ எண்களின் வரிசை கிடைக்கும்.

மூன்றையும் தானே ஊகிக்க ஒரு செயற்கூறு இருந்தாலும், கலப்பு உரையில் அது வழிதவறும். உரையில் முதலில் வரும் எழுத்தைப் பார்த்தே அது முறையை முடிவு செய்கிறது. ஆங்கிலத் தலைப்பெழுத்தோடு தொடங்கும் பெயரை முழுதும் லத்தீன் என்று எடுத்துக்கொண்டால் தமிழுக்கான விதிகள் ஓடாது. நல்ல எழுத்துருவும் தவறியதாகத் தெரியும். கலப்பு உரையைத் தமிழ்ப் பகுதி, லத்தீன் பகுதி என்று பிரித்தே அனுப்புங்கள்.

வெளியீட்டில் முதலில் தேட வேண்டியது 0. அது இருந்தால் கட்டம் வரப்போகிறது. அதனோடு வரும் 'க்ளஸ்டர்' எண் உரையில் எந்த இடம் என்று காட்டும்.

அடுத்து, எண்ணிக்கையைப் பாருங்கள்:

- 'கு', 'க்ஷ', 'ஸ்ரீ': ஒவ்வொன்றும் ஒரே வடிவமாக வரவேண்டும். 'கு' இரண்டாக வந்தால் சேர்க்கும் விதி இல்லை. ககரமும் உகரக் குறியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.
- 'கெ': இரண்டு. முதலில் வருவது ஒற்றைக்கொம்பின் வடிவ எண்ணாக இருக்க வேண்டும்.
- 'கொ': மூன்று. கொம்பு, ககரம், கால் என்ற வரிசை.

'ஸ்ரீ'யை 3000, 2998 என்ற இரண்டு தொடக்கத்தோடும் சோதியுங்கள். ஒன்றை மட்டும் சேர்க்கும் எழுத்துருக்கள் உண்டு. தரவில் இரண்டுமே கலந்துதான் இருக்கும்.

'க்' எத்தனை வடிவமாக வருகிறது என்று சோதிக்காதீர்கள். புள்ளியோடு சேர்ந்த வடிவத்தை ஆயத்தமாக வைத்திருப்பதும் சரி, புள்ளியைத் தனியே வரைந்து 'ஜிபாஸ்' அட்டவணை கொண்டு மேலே பொருத்துவதும் சரி.

கடைசியாக, 9676 என்ற புள்ளி வட்டம். உரையில் அது இல்லாமல் வெளியீட்டில் அதன் வடிவ எண் வந்தால், ஒட்டவேண்டிய எழுத்து இல்லாமல் ஒரு குறி தனியே நிற்கிறது. கொம்பை முதலில் அடித்துப் பிறகு ககரத்தை அடித்த பழைய பழக்கத்தின் விளைவு பெரும்பாலும் இதுவே. எழுத்துருவின் மேல் குற்றமில்லை, உரையைத் திருத்துங்கள். 9676 இல்லாத எழுத்துருவில் ஹார்ஃப்பஸ் வட்டத்தைச் செருகாது என்பதால், வட்டம் வரவில்லை என்பது உரை சரி என்பதற்குச் சான்றாகாது.

இந்தப் படியில் எல்லாம் தேறியும் படத்தில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் வந்தால், வரையும் கருவியில் எந்திரம் இணைக்கப்படவில்லை. பைத்தானில் படம் வரையும் தொகுப்பான பில்லோ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: எழுத்துகளைக் கோக்க உதவும் ராக்ம் நூலகம் இல்லாத கணினியில் அது எழுத்துகளை வந்த வரிசையிலேயே வைத்துவிடும். அதன் 'ஃபீச்சர்ஸ்' கூறில் ராக்ம் இருக்கிறதா என்று கேட்கலாம். எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்க்குமுன் அதைக் கேளுங்கள்.

7. பைத்தான் இல்லாத இடங்களில்

உலாவியில் 'டாகுமென்ட் ஃபான்ட்ஸ் செக்' என்பதைப் பலர் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். அது சொல்வது, எழுத்துரு ஏற்றப்பட்டு ஆயத்தமாக இருக்கிறதா என்பதை மட்டும். இல்லாத எழுத்துருவின் பெயருக்குக் கூட 'ஆம்' என்று வரலாம். கோப்பு உங்கள் கையில் இருந்தால் ஃபான்ட்கிட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் 'ஹேஸ்கிளிஃப்ஃபார்கோட்பாயின்ட்' செயற்கூறே நம்பகமானது. கண்ணால் உறுதிசெய்ய, குரோமின் உருவாக்குநர் கருவியில் 'கம்ப்யூட்டட்' தாவலின் அடிப்பகுதியைப் பாருங்கள். உண்மையில் எந்த எழுத்துரு வரைந்தது என்று அங்கே இருக்கும்.

ஆண்ட்ராய்டில் 'பெயின்ட்' வகுப்பின் 'ஹேஸ்கிளிஃப்' ஆண்ட்ராய்டு 6-இலிருந்து உண்டு. அது நீங்கள் கொடுத்த எழுத்துருவோடு நிற்காமல், இயங்குதளத்தின் மாற்று எழுத்துருக்களையும் சேர்த்தே தேடும். 'இந்தக் கைபேசியில் தெரியுமா' என்ற கேள்விக்குச் சரி. 'இந்தக் கோப்பில் உண்டா' என்பதற்கு ஆகாது. பல குறியெண் கொண்ட சரத்தைக் கொடுத்தால், அது ஒரே வடிவமாகச் சேர்ந்தால்தான் 'ஆம்' என்று வரும். ஆகவே 'கொ'வை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஜாவாவில் 'கேன்டிஸ்ப்ளேஅப்டு' முழுச் சரத்தையும் எடுத்துக்கொண்டு, தவறும் முதல் இடத்தைத் தரும். எல்லாம் இருந்தால் -1. 'டயலாக்', 'செரிஃப்' போன்ற பொதுப்பெயர்களில் கேட்டால் பல எழுத்துருக்களின் கூட்டுப் பதில் வரும் என்பதால், கோப்பிலிருந்து உருவாக்கிய எழுத்துருவிடமே கேளுங்கள். சி மொழியில் ஃப்ரீடைப் என்ற எழுத்துரு நூலகத்தின் 'கெட் சார் இண்டெக்ஸ்' சார்பு 0 தந்தால் இல்லை.

8. தானாக ஓடும் சோதனையாக வையுங்கள்

எழுத்துரு புதுப்பிக்கப்படும்போதும், கோப்பின் அளவைக் குறைக்கத் துண்டாக்கும்போதும் எழுத்துகள் காணாமல் போகும். துண்டாக்கும் கருவிக்கு மாதிரி உரை ஒன்றைக் கொடுத்திருந்தால், அந்த உரையில் வராத ஔகாரமோ ஹகரமோ கோப்பிலிருந்தே போய்விடும். அதனால் சோதனையை, சர்வருக்குப் போகும் இறுதிக் கோப்பின் மேல் ஓட்டுங்கள். மூலக் கோப்பின் மேல் ஓட்டினால் இது தெரியாது.

இரண்டு இடத்தில் வையுங்கள். மென்பொருள் கட்டப்படும்போது, 49 குறியெண்களையும் நிறுத்தக் குறிகளையும் ஆறாம் படியின் கூட்டெழுத்துகளையும் சோதித்து, ஒன்று தவறினாலும் கட்டுமானத்தை நிறுத்துங்கள். பயனர் பெயரைப் பதியும்போது, அந்தப் பெயரை மட்டும் சிமேப்பிலும் ஹார்ஃப்பஸ்ஸிலும் ஓட்டுங்கள். சிமேப் அகராதியை ஒருமுறை ஏற்றி நினைவகத்தில் வைத்துக்கொண்டால் இதற்கு நேரமே பிடிக்காது. ஒவ்வொரு பெயருக்கும் கோப்பைத் திறந்தால்தான் மெதுவாகும்.

அறிக்கையில் எழுத்தை மட்டும் அச்சிடாதீர்கள். படிப்பவரின் திரையிலும் அது கட்டமாகவே தெரியக்கூடும். குறியெண், யூனிகோட் பெயர், எழுத்துருக் கோப்பின் பாதை, உரையில் வந்த இடம், எந்தப் படியில் தவறியது என்ற ஐந்தும் இருக்கட்டும். யூனிகோட் பெயரைத் தரும் பைத்தான் சார்பு, பெயரில்லாத கட்டுப்பாட்டுக் குறிகளுக்குப் பிழை எறியும். இரண்டாம் உள்ளீடாக 'பெயரில்லை' என்று கொடுத்துவிட்டால் அறிக்கை பாதியில் நிற்காது.